பவித்ர் பிரபாகரும் திருவானைக்கா சிலந்தியும்

போன வாரம் கேட்ட கேள்வி இது: "புராணத்தை வச்சு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பண்ணா ஏன் பாதி தடவை ஒட்டவே மாட்டேங்குது?" அதுக்கு 2004-ல வந்த 'ஸ்பைடர்-மேன்: இந்தியா'வை எடுத்துக்கலாம். மார்வெல் அனுமதியோட கோதம் காமிக்ஸ் இங்க வெளியிட்டது. மொத்தம் 4 இதழ். ஓவியம் ஜீவன் காங். கதையில அவரோட சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன்.

முதல்ல நல்லது. பீட்டர் பார்க்கர் இங்க பவித்ர் பிரபாகர், மேரி ஜேன் மீரா ஜெயின். பேரை மட்டும் மாத்தல. பவித்ர், ஸ்காலர்ஷிப்ல மும்பைக்கு வர்ற கிராமத்துப் பையன். வேட்டி கட்டினதுக்கே ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவன் நான். என் தமிழைக் கேட்டே ஹாஸ்டல்ல சிரிச்சாங்க. அதனால அந்தப் பக்கங்கள் எனக்கு நேரா வந்து தைச்சுது. அதே வேட்டி ஹீரோ உடையிலயும் வர்றது அருமையான யோசனை. 2023-ல வந்த அனிமேஷன் படத்துலயும் பவித்ர் இருக்கான்னா, இந்த அடித்தளம் அவ்வளவு உறுதி.

இப்போ பலவீனம். 1962-ல வந்த அசல் கதையில பீட்டரை ஒரு கதிரியக்கச் சிலந்தி கடிக்குது. அது வெறும் விபத்து. சக்தியை வச்சு என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல. அலட்சியமா இருந்தான், மாமா செத்தாரு, அப்புறம்தான் பொறுப்பு வந்துச்சு. இந்தியக் கதையில ஒரு யோகி வந்து, தீமையை எதிர்க்கணும்னு சொல்லியே சக்தியைக் கொடுத்துடறார். பிறகு, ஒரு பெண்ணைக் காப்பாத்தப் போய் பீம் மாமாவும் சாகறார். எங்க பாஷையில சொன்னா, ஒரே வேலைக்கு ரெண்டு ஃபங்ஷன். வேலையை யோகி முன்னாடியே கொடுத்துட்டதால, மாமா சாவோட கனம் குறைஞ்சுபோகுது. வில்லன் நலின் ஓபராயும் தாயத்தால ராட்சசன் ஆகிடறான். அவனோட பேராசைக்குப் பதிலா மந்திரம் வேலை செய்யுது.

அப்போ புராணமே வேண்டாமா? காவிரிக் கரையில பொறந்தவனா அதை ஒத்துக்க மாட்டேன். நம்மகிட்டயே ஒரு சிலந்திக் கதை இருக்கே! திருவானைக்காவுல வெண்ணாவல் மரத்தடி லிங்கத்து மேல சருகு விழாம இருக்க ஒரு சிலந்தி வலை பின்னுது. காவிரித் தண்ணியைக் கொண்டுவந்து அபிஷேகம் பண்ற யானைக்கு அந்த வலை அழுக்காத் தெரியுது, பிச்சுப் போடுது. சிலந்தி தும்பிக்கைக்குள்ள போய்க் கடிக்க, ரெண்டும் செத்துப்போகுது. மறுபிறவியில அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழன், 63 நாயன்மார்ல ஒருத்தர். யானை ஏற முடியாத மாடக்கோயில்களா கட்டினாராம். பாபநாசம் பக்கத்துல நல்லூர் போனா பாருங்க, படியேறித்தான் சன்னதிக்குப் போகணும். போன ஜென்மத்து பக்குக்கு கல்லுலயே ஒரு ஃபிக்ஸ்!

இந்தக் கதையில யாரும் சிலந்திக்கு வேலை கொடுக்கல. அதுவா எடுத்துக்கிச்சு. எதிர்ல நின்ன யானையும் பக்தன்தான். நல்லது செய்யப் போன ரெண்டு பேர் மோதிக்கிட்டாங்க, ஜெயிச்சவனும் செத்தான். யோகியும் ராட்சசனும் வெளியில இருந்து கொண்டுவந்து ஒட்டின விஷயம். இங்க சிக்கல் கதைக்குள்ளயே இருக்கு.

காமிக்ஸ் எழுதற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்றது இதுதான். புராணத்துல இருந்து தாயத்தையும் சாமியாரையும் எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கதையில யார் எதுக்காகக் கஷ்டப்பட்டாங்கன்னு பாருங்க. அதை எடுத்தா உடையும் ஊரும் தானா வந்து சேரும்.

'ஸ்பைடர்-மேன்: இந்தியா' படிக்கலாமா? தாராளமா. வேட்டிக்காகவே படிங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.