ரப்பர் தவளைக்கு ஏமாறும் விரால்!

கோல், ரீல், நூல்: எதை எப்படிப் பார்த்து வாங்குவது?

விரால் மீனுக்குத் தவளை என்றால் உயிர். தாமரை இலை ஓரத்தில் ஒரு தவளை குதித்தால் போதும். அடியில் படுத்திருக்கும் விரால் விருட்டென்று மேலே வரும். "பொளக்" என்று ஒரு சத்தம். தவளையைக் காணோம்!

இந்த ஆசைதான் விராலுக்கு எமன்.

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரைப் பக்கம், திண்டுக்கல் சாலையில் இருக்கிறது விளாங்குடி. முன்பு பேரூராட்சியாக இருந்த ஊர். 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. இந்த வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் விராலும் இருக்கும். விராலைத் தேடும் ஆட்களும் இருப்பார்கள்.

தாத்தா காலத்தில் ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் நரம்பு, ஒரு முள். முள்ளில் உயிரோடு ஒரு தவளை. அவ்வளவுதான். பேரன் காலத்தில் கம்பு கார்பன் கோலாகி விட்டது. நரம்பு ரீலில் ஏறி விட்டது. தவளை ரப்பர் தவளை ஆகி விட்டது. ஏமாறும் விரால் மட்டும் மாறவில்லை.

விரால் ஏன் மேலே வருகிறது?

எல்லா மீனும் செவுளால் மூச்சு விடும். விராலுக்கு அது மட்டும் போதாது. தலைக்குள் காற்றை வாங்கி வைக்கத் தனி அறை உண்டு. ஆகவே அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேல் தண்ணீரில் எது அசைந்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. தவளை, எலிக்குஞ்சு, தட்டான் எது விழுந்தாலும் விடாது.

தண்ணீர் மேல் மிதக்கும் பொய் இரையை இழுத்து மீன் பிடிக்கும் விளையாட்டு அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. அங்கே 'பாஸ்' என்று ஒரு மீன். மிச்சிகன் மாநிலத்தில் டோவாஜியாக் என்னும் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பாளர் இருந்தார். ஒருநாள் குளக்கரையில் நண்பருக்காகக் காத்திருந்தார். பொழுது போகாமல் ஒரு மரத்துண்டைச் செதுக்கித் தண்ணீரில் எறிந்தாராம். பாஸ் மீன் ஒன்று பாய்ந்து வந்து அதை அடித்ததாம்! கதை எவ்வளவு நிஜமோ! ஆனால் 1890-களில் அவர் மரத்தில் தவளை செதுக்கியதும், பிறகு அந்தக் குடும்பமே பொய் இரை செய்யும் கம்பெனி நடத்தியதும் நிஜம்.

நம் கண்மாயில் பாஸ் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது விரால். அமெரிக்கக்காரன் பாஸுக்குச் செய்த கோலும் ரீலும்தான் இன்று விராலுக்கும் வருகின்றன. அப்படியே வாங்கி வந்தால் ஆகுமா? அங்கேதான் யோசனை வேண்டும்.

அறுந்த நூல் என்ன செய்யும்?

ரப்பர் தவளையின் உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. முதுகை ஒட்டி இரண்டு முட்கள் மேல் நோக்கிப் படுத்திருக்கும். அதனால் ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் செடியில் மாட்டாது. விரால் கவ்வும்போது ரப்பர் அமுங்கும். முட்கள் வெளியே வரும். அப்போது ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தால்தான் முள் ஏறும். விராலின் வாய் கெட்டியானது. பல்லும் கூர்மை.

முள் ஏறியதும் விரால் என்ன செய்யும்? நேரே செடிக்குள் பாயும். ஒரு கிலோ மீனோடு ஐந்து கிலோ செடியையும் சேர்த்து இழுக்க வேண்டி வரும். மெலிந்த கோலும் மட்டமான நூலும் அந்த நேரத்தில் கைவிட்டு விடும். பணம் போய் விட்டதே என்று ஆள் வருந்துவார். வாயில் இரண்டு முள்ளோடு போன மீனின் கதி? இரை தின்ன முடியாமல் அது செத்தாலும் சாகலாம். செடியில் தங்கிய நூல் நாரையின் காலில் சுற்றும். முக்குளிப்பானின் கழுத்தில் சுற்றும். நல்ல சாமான் வாங்குவது வெறும் டாம்பீகம் அல்ல என்பது இதனால்தான்.

முதலில் நூல்

பலர் முதலில் கோலைப் பார்க்கிறார்கள். பளபளவென்று இருந்தால் வாங்கி விடுகிறார்கள். நூலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

நூலில் மூன்று வகை. நைலான் நரம்பு எல்லோருக்கும் தெரிந்தது. 1938-ல் அமெரிக்காவின் டூபான் கம்பெனி நைலானை உலகுக்கு அறிவித்தது. நரம்பு மலிவு, முடிச்சு நன்றாக நிற்கும். ஆனால் ரப்பர் போல நீளும். இருபது கஜத்துக்கு அப்பால் விரால் கவ்வும்போது இங்கே இழுத்தால், பாதி இழுப்பு நரம்பு நீள்வதிலேயே போய் விடும். முள் ஏறாது.

இரண்டாவது, புளோரோகார்பன். பார்க்க நரம்பு போலவே இருக்கும். தண்ணீருக்குள் எளிதில் தெரியாது. ஆனால் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனம். மூழ்கும்! மிதக்க வேண்டிய தவளையின் மூக்கைக் கீழே இழுக்கும். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் மேல் தண்ணீர் இரைக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, பின்னல் நூல். 'பிரெய்டு' என்று கடையில் சொல்வார்கள். மெல்லிய இழைகளைச் சடை போலப் பின்னியது. தண்ணீரைவிடச் சற்றே லேசு; மிதக்கும். நீளாது. செடித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். தவளைக்கு இதுதான் நூல்.

எவ்வளவு பலம்? செடி மண்டிய கண்மாய்க்கு 40 பவுண்டு வேண்டும். அதாவது சுமார் 18 கிலோ தாங்கும் நூல். "இரண்டு கிலோ விராலுக்கு இவ்வளவா?" என்று கேட்கலாம். மீனுக்கு அல்ல, செடிக்கு! செடி இல்லாத திறந்த தண்ணீரில் சின்ன மரமீனை இழுப்பதானால் 15, 20 பவுண்டு போதும். ஆனால் பின்னல் நூல் துவண்டு விழும். மரமீனின் முன் முள்ளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே நுனியில் ஒரு முழம் விறைப்பான நைலான் நரம்பைக் கட்டிக்கொள்வார்கள். தவளைக்கு அது தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. பின்னல் நூலை வெறுங்கையில் சுற்றி இழுக்கக் கூடாது. கத்தி போல விரலை அறுத்து விடும்.

கோலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

"அண்ணே, நல்ல ராடு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், "என்ன மீனுக்குத் தம்பி? எங்கே போடப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறவர் நல்ல கடைக்காரர். ஒன்றும் கேட்காமல் விலையைச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம்.

கைப்பிடிக்கு மேலே கோலில் சில எண்கள் இருக்கும். எத்தனை கிராம் இரையை வீசலாம், எத்தனை பவுண்டு நூல் போடலாம் என்ற கணக்கு அது. விரால் தவளை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம். இந்த எடை கோலின் கணக்குக்கு நடுவில் விழ வேண்டும். 40 கிராம் இரைக்குச் செய்த கோல் சின்னத் தவளைக்கு வளையவே வளையாது. இரை காலடியில் விழும். ஐந்து கிராம் கோலோ செடியிலிருந்து மீனைத் தூக்காது. 'மீடியம் ஹெவி' என்று எழுதியது பெரும்பாலோருக்குப் பொருந்தும். அடிப்பாகம் விறைப்பாகவும், நுனி மட்டும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

நீளம் ஆறரை அடி முதல் ஏழு அடி. அதற்கு மேல் போனால் பின்னால் நிற்கும் சீமைக்கருவேல மரம் விடாது. கண்ணாடி இழைக் கோல் மலிவு. முரட்டுக் கைக்கும் தாங்கும். ஆனால் கனம். நாள் முழுவதும் வீசினால் தோள் வலிக்கும். கார்பன் கோல் லேசு. ஆனால் கல்லில் இடித்தால் உடையும்.

வாங்கும்போது கொஞ்சம் பஞ்சைக் கொண்டு போங்கள். கோலின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் துடையுங்கள். பஞ்சு நார் மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் நூலை அறுக்கும். அந்தக் கோல் வேண்டாம்.

மில்லில் பிறந்த ரீல்

ரீலின் கதை மதுரைக்காரர்களுக்குப் பிடிக்கும். இங்கிலாந்தில் பிராட்போர்டு என்பது கம்பளி மில் நகரம். அங்கே இல்லிங்வொர்த் என்ற மில் முதலாளி, நூல் கண்டு சுற்றாமலே அதன் தலைப்பு வழியாக நூல் உருவி வருவதைக் கவனித்தார். அதே முறையில் ரீல் செய்து, 1905-ல் காப்புரிமை பெற்றார். இன்று 'ஸ்பின்னிங் ரீல்' என்பது அந்த வம்சம்தான். ஹார்வி மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் இந்த ரீலைக் கையில் வாங்கினால், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு வகை 'பெய்ட் காஸ்டிங்' ரீல். இதில் உருளையே சுற்றும். கனத்த நூலுக்கும் செடிக்கும் இது வாகானது. பழகாத கையில் உருளை ஓடிக்கொண்டே இருக்கும். நூல் தேங்காய் நார் போலச் சிக்கும். அரை மணி நேரம் சிக்கெடுத்தாலும் தீராது. புதிதாகத் தொடங்குகிறவர் ஸ்பின்னிங் ரீலே வாங்கலாம். அளவு 3000 அல்லது 4000. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளைப் பக்கம் ஆறு சுற்றாவது வர வேண்டும். தவளை தத்தும்போது நூல் தொய்யும். அந்தத் தொய்வைச் சட்டென்று வாங்கத்தான் இந்த வேகம்.

பின்னல் நூலை வெறும் உருளையில் சுற்றினால் வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் சுற்ற வேண்டும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைய நிரப்பினால் போதும்.

ஒன்று, இரண்டு, பிறகு இழு!

சாமான் எல்லாம் சரி. விரால் அடித்து விட்டது. உடனே இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். அடித்த சத்தம் கேட்டதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ண வேண்டும். நூல் கனத்த பிறகு இழுக்க வேண்டும். புதியவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் இடித்தால் கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடங்கள். கார்பனில் மின்சாரம் பாயும். கண்மாய்க் கரை மேல் போகும் மின்கம்பிக்கு அடியிலும் கோலைத் தூக்கக் கூடாது. செடியில் மாட்டிய தவளைக்காகத் தண்ணீரில் இறங்கவும் கூடாது. மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. சிறுவர்கள் கூட வந்தால் வீசுகிறவருக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள்.

சில நேரம் தண்ணீர் மேல் செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போலத் தெரியும். அடியில் தாய் விராலும் தகப்பன் விராலும் காவல் நிற்கும். அங்கே எதை வீசினாலும் கோபத்தில் அடிக்கும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து அங்கே வீசுவோர் உண்டு. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்து விடும். அடுத்த ஆண்டு வீச விரால் இருக்காது.

கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வீசுவது நல்லது. சாக்கடை கலக்கும் கண்மாய் என்றால் மீனை வீட்டுக்குக் கொண்டு வராமல் இருப்பதே மேல்.

வீடு திரும்பியதும் நுனி நூலை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்த முழத்தை வெட்டிச் சிறு துண்டுகளாக்கிக் குப்பையில் போடுங்கள். ரீலைத் துடைத்து, 'டிராக்' என்னும் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வில்லைகள் அமுங்கி, அடுத்த மழைக்கு ரீல் பிடி கொடுக்காது.