சட்டம் வாசல் வரை வர வேண்டும்

அமெரிக்காவின் கூட்டரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். வாஷிங்டன் மாநிலத்தில் அது 2025-இல் 16.66 டாலர், அம்மாநிலத்தின் சியாட்டில் நகரில் 20.76 டாலர். நகரம் தானே சட்டம் இயற்றி உயர்த்திய கூலி இது. ஆனால் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவருக்கு இது தெரியுமா? தெரிந்தாலும் கேட்கத் துணிவு வருமா? சட்டத்தின் உயிர் இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

என்னென்ன உரிமைகள்?

சியாட்டிலில் 2012 முதல் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. 40 மணி நேரம் உழைத்தால் குறைந்தது 1 மணி நேர விடுப்பு சேரும். உலகெங்கும் 500 பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் சில்லறை, துரித உணவு நிறுவனங்கள், வேலை நேரப் பட்டியலை 14 நாள் முன்பே தர வேண்டும்.

வீட்டு வேலை செய்வோருக்கு 2019 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. குழந்தை பார்ப்பவர், சமைப்பவர், வீடு துடைப்பவர் எல்லோருக்கும் குறைந்தபட்ச ஊதியமும் இடைவேளையும் உண்டு. அவர்களுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சட்டமீறல். அங்கே வீட்டில் ஆள் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். ‘நம் வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று பாசமாகச் சொல்வது நல்லதுதான். ஆனால் அது கூலிக்கு ஈடாகாது.

எங்கே ஏமாறுகிறார்கள்?

கடையைத் திறக்குமுன் துடைத்த அரை மணி, மூடிய பிறகு கணக்குப் பார்த்த அரை மணி என்று எழுதப்படாத நேரம் ஒருபுறம். இடைவேளை எடுக்காமலே எடுத்ததாகக் கழிப்பது இன்னொருபுறம். கேட்டால் நேரத்தைக் குறைப்பார்கள். ‘குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டுவார்கள். அந்த மிரட்டலே சட்டமீறல் என்பது மிரட்டப்படுகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

என்ன செய்யலாம்?

வேலைக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், வாங்கிய தொகை ஆகியவற்றை அன்றாடம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டையும் செல்போன் செய்திகளையும் அழிக்காதீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் நகரத் தொழிலாளர் தரநிலை அலுவலகத்தில் இலவசமாகப் புகார் தரலாம். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், குடியுரிமை நிலையை யாரும் கேட்பதில்லை. உரிமையைக் கேட்ட 90 நாளுக்குள் வேலையை விட்டு நீக்கினால், அது பழிவாங்கல் என்றே சட்டம் முதலில் கருதும். இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. பாக்கிச் சம்பளத்துடன் வட்டியும், அதற்கு மேல் இரு மடங்கு வரை ஈட்டுத்தொகையும் கிடைக்கக்கூடும்.

கடைக்காரர்களுக்கு

தவறுகளில் பல தெரியாமல் நடப்பவை. சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்தையே கேளுங்கள். ஆலோசனை கேட்ட விவரம் விசாரணைப் பிரிவுக்குப் போவதில்லை. வேலை நேரப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள். பதிவேடு இல்லாத கடைக்கு, வழக்கு வந்தால் பேச ஆதாரம் இருக்காது.

பணம் ஏன் வேண்டும்?

இந்த அலுவலகம் 2015-இல் தொடங்கி, 2017-இல் தனித்துறையானது. வணிக உரிம வரியிலிருந்து இதற்கெனத் தனி நிதி வருகிறது. விசாரணைக்கு மட்டும் அதைச் செலவிட்டால் போதாது. மிகவும் பயந்தவர்தான் கடைசியாகப் புகார் செய்வார். அதனால் புகாரை மட்டும் நம்பும் அலுவலகம், அதிகம் ஏமாற்றப்பட்டவரைக் காணாமலே போய்விடும். அதனால்தான் தொழிலாளர்களிடையே ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற சமூக அமைப்புகளுக்கு நகரம் நிதி கொடுத்து, அவரவர் மொழியில் உரிமைகளைச் சொல்ல வைக்கிறது. சிறு வணிகர்களுக்கு எடுத்துச் சொல்லவும் தனியே நிதி ஒதுக்கியது.

அலுவலகத்தின் பலனும் தெரிகிறது. 2024-இல் சிப்போட்லே உணவக நிறுவனம் நகரத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், 1,853 ஊழியர்களுக்கு ஏறத்தாழ 29 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. தனி ஆளாக நின்று ஒரு பெரிய நிறுவனத்திடம் இதை யாரால் வாங்கியிருக்க முடியும்?

பட்ஜெட்டில் கை வைக்கும்போது இந்த நிதி முதலில் கண்ணில் படலாம். அதைக் குறைத்தால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாது. பாத்திரம் கழுவுகிறவரிடம் போய் ‘இது உங்கள் உரிமை’ என்று சொல்லும் ஆள்தான் இல்லாமல் போவார்.