இரண்டு வாய், ஒரே குரல்

தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் திருவிழாவின்போது கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டுவது வழக்கம். தெருவிலே சற்றுத் தள்ளி நின்று கேட்டால் ஒரே சொல் இரண்டு மூன்று தரம் காதில் விழும். மாயமொன்றுமில்லை. நம் கடற்கரை வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் ஓடுகிறது. எழுபது மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தின் சொல் 1/5 விநாடி பிந்தித்தானே வந்து சேரும்?

இதே சங்கடம், மிகச் சிறிய அளவில், வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. கனத்த ஒலிக்கு வூபர், நுண்ணொலிக்கு ட்வீட்டர் என்று அதற்கு இரண்டு வாய்கள். சங்கீதத்தைப் பிரித்து இரண்டுக்கும் பங்கிடும் மின்சுற்றுக்குக் கிராஸோவர் என்று பெயர். வூபரின் கம்பிச் சுருள் சில செண்டிமீட்டர் பின்னால் இருப்பதால் அதன் ஒலி பிந்துகிறது. கிராஸோவரும் தன் பங்குக்கு அலைகளின் ஏற்ற இறக்கத்தை முன்பின்னாக்கி விடுகிறது. 2,500 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளமே 14 செண்டிமீட்டர்தான். அதில் மூன்றரை செண்டிமீட்டர் பிசகு என்பது கால் அலை!

இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு நாட்டியக்காரியின் கால் என்பார்கள். 1930-களில் ஹாலிவுட்டில் எலினார் பவல் தட்டிய ஒவ்வொரு தட்டும் அரங்கத்து ஒலிபெருக்கியில் இரட்டையாகக் கேட்டதாம். கனத்த ஒலிக் குழலுக்கும் நுண்ணொலிக் குழலுக்கும் எட்டடி நீள வித்தியாசம்! மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் டக்ளஸ் ஷியரர் குழுவினர் அதைத் திருத்திக் கட்டிய அமைப்புக்கு 1936-ஆம் ஆண்டுக்கான அகாடமி விருது கிடைத்தது.

வீட்டுப் பெட்டிகளில் இதற்காக ட்வீட்டரைப் பின்னுக்குத் தள்ளி, முகப்பைச் சாய்த்து, மென்மையாகப் பிரிக்கும் முதல் தரக் கிராஸோவரை வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1977-இல் தொடங்கிய வாண்டர்ஸ்டீன் பெட்டிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. ஆனால் பலன் எவ்வளவு? 1982-இல் கனடாவின் லிப்ஷிட்ஸ் முதலியோர் ஆராய்ந்தபோது, எளிய ஒலிகளில் வேறுபாடு தெளிவாகவும், சங்கீதத்தில் மிக நுட்பமாகவுமே தெரிந்தது. அதை நம்பிப் பணத்தைக் கொட்டும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைவிட முக்கியமான விஷயம் வேறு. இப்பெட்டிகளின் ஒழுங்கெல்லாம் நாற்காலியில் அமர்ந்தவரின் காது உயரத்துக்குக் கணக்கிட்டது. மென்மையான கிராஸோவரில் இரு வாய்களும் நெடுந்தூரம் சேர்ந்தே பாடுவதால், உயரம் மாறினால் சுருதியின் நிறமே மாறும். நம் வீட்டிலோ தாத்தா சாய்வு நாற்காலியில், பாட்டி பாயில், குழந்தைகள் எங்கும்! அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, ட்வீட்டரை வூபரின் நடுவிலேயே பதித்த பெட்டிதான் உத்தமம் என்பது என் கட்சி. ஒருவரே தனியாக அமர்ந்து கேட்பவரானால் சாய்ந்த முகப்பை வாங்கட்டும்.

கடைக்குப் போகையில், 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாகஸ்வரத்தைப் போடச் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்து கேளுங்கள். பிறகு, கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி, தரையில் உட்கார்ந்து கேளுங்கள். எழுந்து நின்றும் கேளுங்கள். மூன்று நிலையிலும் நாகஸ்வரம் நாகஸ்வரமாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலையைக் கேட்கலாம்.