பழைய கணினியின் உள்ளே இருப்பது எது?

ஊர்விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களில், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு முதலிய கடைவீதிகளுக்குச் செல்வோர், "இது ஐ7" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் உயர்ந்த சரக்கு என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். அச்சொல் பாதிப் பெயரேயாகும்.

கணினியின் மூளையெனத்தக்க உறுப்புக்குப் பிராசஸர் என்று பெயர். (செயலி என்னும் தமிழ்ச் சொல்லைக் கைப்பேசி ஆப்புகளுக்கும் வழங்குவதால், இங்கே பிராசஸர் என்றே எழுதுகிறேன்.) இன்டெல் நிறுவனத்தார் 2009-இல் ஐ7-870 என ஒன்றை வெளியிட்டனர், 2017-இல் ஐ7-8700 என மற்றொன்றை வெளியிட்டனர். ஒரு சுழியம்தான் வேற்றுமை. ஆனால் இடையே எட்டு ஆண்டுகள். முன்னது முதல் தலைமுறை, பின்னது எட்டாம் தலைமுறை. ஐ7 என்பதை அடுத்து வரும் எண் மூன்றே இலக்கமாயின் முதல் தலைமுறை என்று கொள்ளலாம். நான்கு இலக்கமாயின் முதல் இலக்கமே தலைமுறை. 10, 11 என்று தொடங்கினால் அவ்விரண்டு இலக்கங்களும் சேர்ந்தே தலைமுறையைக் குறிக்கும்.

இதனால் வரும் நன்மை யாது? விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பவை, இன்டெல்லைப் பொறுத்தமட்டில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே. ஆகவே அந்த ஒரு சுழியம் குடும்பத்தின் பணத்தைக் காக்கவும் கூடும், கரைக்கவும் கூடும்.

கிகாஹெர்ட்ஸ் கணக்கை மட்டும் கண்டு மயங்கலாகாது. ஐ5-2400 என்பதன் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், ஐ5-8400 என்பதன் அடிப்படை வேகம் 2.8 தான். எனினும் முன்னதில் நான்கு கோர்கள், பின்னதில் ஆறு. வேலைத்திறனில் பின்னதே மேம்பட்டது.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் நம்பற்க. பெட்டி ஒன்றும் உள்ளுறுப்பு வேறொன்றுமாக இருப்பது பழைய கணினிகளில் புதுமையன்று. கணினியை இயக்கி, விண்டோஸ் விசையையும் பாஸ் விசையையும் ஒருங்கே அழுத்தினால், பிராசஸரின் முழுப் பெயர் திரையில் தோன்றும். மடிக்கணினிகள் சிலவற்றில் பாஸ் விசை இராது. அங்கே செட்டிங்ஸில் சிஸ்டம் என்பதன் கீழுள்ள அபவுட் பகுதியைக் காண்க. விண்டோஸே இல்லாத கணினியாயின், இயக்கிய உடனே டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸ் திரையில் படித்துக்கொள்ளலாம்.

அறவே இயங்காத மேசைக் கணினியில், பிராசஸரின் உலோக மூடியின்மீதே பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதைக் காண விசிறியையும் அதன் கீழுள்ள வெப்பந்தணிக்கும் கட்டியையும் கழற்ற வேண்டும். இடையிலுள்ள பசையைத் துடைத்தபின் புதிய பசை இடாமல் மூடினால் பிராசஸர் சூடேறும். பசை கைவசமில்லாதார் இவ்வேலையில் இறங்காதிருத்தல் நலம்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பது இரண்டாம், மூன்றாம் தலைமுறையென்று தெரியவந்தால் உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டா. லினக்ஸ் வகைகள் பல அவற்றில் நன்றாக இயங்கும்; பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் அது போதும். புதிதாக விலை கொடுத்து வாங்குவோர் மட்டும், முழு எண்ணையும் கடையிலேயே திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னர் விலை பேசுக.