ஒரு வடிகாலும் சில கையெழுத்துகளும்

சென்னை அசோக் நகருக்குப் போனவர்கள், நூறடிச் சாலையில் நான்கு சிங்கத் தலைகளோடு நிற்கும் தூணைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் வீட்டு மனைகளாக உருவான அந்த வட்டாரத்துக்கு அதுவே அடையாளம். 2015 முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. தூண் தெரிகிறது, ரயில் தெரிகிறது. தெருவோரத்தில், நடைபாதைக்கு அடியில் கிடக்கும் மழைநீர் வடிகால் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. ஐப்பசி மழையில் முழங்காலளவு தண்ணீர் தேங்கும்போதுதான் அதன் ஞாபகம் வருகிறது. "இஞ்சினியர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்கிறோம்.

நியாயமான கேள்வி. மாணவ நண்பர்களே, அதற்குப் பதில் தேடிப் பார்ப்போமா?

பொறியாளர் என்றதும் தலைக்கவசம் அணிந்து, கையில் வரைபடத்தோடு பாலத்தின் மேல் நிற்கும் ஒருவரைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அரசுத் துறையிலோ, மாநகராட்சியிலோ உள்ள பொறியாளரின் அறைக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மேசை நிறையக் கோப்புகள். உதவிப் பொறியாளர், அவருக்கு மேல் உதவிச் செயற்பொறியாளர், அவருக்கு மேல் செயற்பொறியாளர், பிறகு கண்காணிப்புப் பொறியாளர், உச்சியில் தலைமைப் பொறியாளர் என்று ஒரு படிவரிசை. மேலே போகப்போக, மண்ணைத் தொடும் நேரம் குறைந்து, காகிதத்தைத் தொடும் நேரம் கூடுகிறது. "இதற்கா பொறியியல் படிக்க வேண்டும்?" என்று நினைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்தக் காகிதங்களில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

கணக்குக்காக அசோக் நகரில் ஒரு தெருவை நாமே கற்பித்துக்கொள்வோம். நீளம் 300 மீட்டர். சாலையும் இருபக்க வீடுகளும் சேர்ந்து அகலம் 60 மீட்டர். ஆகப் பரப்பு 18,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொண்டால், தெருவில் விழுந்த நீர் 900 கன மீட்டர். இதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கிவிடும். மிச்சம்தான் வடிகாலுக்கு வரும். எவ்வளவு பங்கு வரும் என்பதை ஓர் எண்ணால் பெருக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். இம்முறையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வானி வகுத்தார். கொல்லையும் தோட்டமும் உள்ள தெருவுக்கு அந்த எண் 0.4 என்று கொள்வோம். வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பி, முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டால் அது 0.8 ஆகிவிடும்.

இப்போது பெருக்குங்கள். தோட்டம் இருந்த காலத்தில் விநாடிக்கு 100 லிட்டர். சிமெண்டு வந்தபின் விநாடிக்கு 200 லிட்டர். மழை அதே மழைதான். தெருவும் அதே தெருதான். வேப்பமரம் நின்ற இடத்தில் கார் நிற்கிறது, அவ்வளவே. வடிகாலின் வேலை இரட்டித்துவிட்டது.

நீர் விநாடிக்கு 80 செ.மீ. வேகத்தில் ஓடினால், 200 லிட்டரைக் கொண்டுபோக 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீர் ஆழமும் வேண்டும். அந்த வேகம் கிடைக்க 500-க்கு 1 என்ற சரிவு போதும். அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 2 மில்லிமீட்டர் இறக்கம். சராசரியாகக் கடல் மட்டத்துக்குச் சுமார் 7 மீட்டர் உயரத்திலேயே பரந்து கிடக்கும் சென்னையில், இந்த 2 மில்லிமீட்டரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி, இடத்துக்கு இடம் மட்டம் எடுக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அடித்தளம் 10 செ.மீ. தூக்கிக்கொண்டால் வடிகால் இரண்டு கொசுக்குட்டைகளாகிவிடும்.

சரி, இந்த வடிகாலை எத்தனை ஆண்டுகளுக்காகக் கட்டுவது? இங்கே பொறியாளர் இன்னும் பிறக்காதவர்களையும் எண்ண வேண்டியிருக்கிறது. சென்னையின் கழிவுநீர்க் குழாய் அமைப்பு 1910-இல் திட்டமிடப்பட்டது. 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்களோ 17 லட்சத்துக்கு மேல்! இடையே நகரின் எல்லையும் விரிந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் தவறு பெரியதுதான். 1958-இல் மறுபடி உட்கார்ந்து, 1976-க்கு 25.5 லட்சம் என்று புதுக் கணக்குப் போட்டார்கள். மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் வரக்கூடாது என்று பிரித்ததும் அந்தத் திருத்தத்தில்தான். முதலில் கணக்குப் போட்டவர்களைக் கேலி செய்வது எளிது. 2075-இல் உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள், பார்க்கலாம்.

கணக்கு முடிந்ததும் மதிப்பீடு. மண் தோண்ட இவ்வளவு, கம்பி இவ்வளவு, கான்கிரீட் இவ்வளவு என்று ஒவ்வொன்றும் விலைவிகிதப் பட்டியலின்படி எழுதப்படும். "இந்த வேலை வேண்டும், பணம் தருகிறோம்" என்பது நிர்வாக ஒப்புதல். "இந்த வடிவமைப்பு சரி, இந்தக் கணக்கும் சரி" என்பது தொழில்நுட்ப ஒப்புதல். இரண்டையும் ஒன்றாக்காமல் வைத்திருப்பதில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது: பணம் இருக்கிறது என்பதற்காகத் தவறான வடிகால் சரியாகிவிடாது அல்லவா?

அடுத்தது டெண்டர். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு கடிதங்கள், கடிதங்கள்! தெருவுக்கு அடியில் குடிநீர் வாரியத்தின் குழாய் போகிறது. மின்சாரக் கேபிள் போகிறது. தொலைபேசிக் கம்பி போகிறது. ஒவ்வொருவருக்கும் எழுதி, அவரவர் பொருள் எங்கே எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்காமல் தோண்டினால் தெருவுக்கே குடிநீர் நின்றுபோகும். இந்தப் பகுதி சலிப்பானது என்பதை மறைப்பதற்கில்லை. இதை விட்டுவிட்டு, முக்கியமான இடத்துக்கு வருவோம்.

இப்போது நீங்கள்தான் அந்தத் தெருவின் உதவிப் பொறியாளர். உங்கள் கையில் அளவுப் புத்தகம் இருக்கிறது. துறையில் எல்லோரும் எம்-புக் என்பார்கள். பார்க்கச் சாதாரண நோட்டு. ஆனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. மையினால்தான் எழுத வேண்டும். அழிக்கக்கூடாது, தவறிப்போனால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நடுவில் பக்கத்தை வெறுமனே விடக்கூடாது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பது இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போவதும் இதுதான். பல துறைகளில் இப்போது இதைக் கணினியில் பதிகிறார்கள். விதியின் உயிர் மாறவில்லை.

காலை பதினொரு மணி. வடிகாலின் பக்கச் சுவருக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. வரைபடத்தில் 15 செ.மீ.க்கு ஒரு கம்பி. நீங்கள் வேறொரு வேலையிடத்தில் இருக்கிறீர்கள். தொலைபேசி ஒலிக்கிறது.

"சார், கான்கிரீட் லாரி வந்து நிக்குது. கம்பியெல்லாம் நம்ம பசங்க சரியாத்தான் கட்டியிருக்காங்க. ஊத்திடட்டுமா? அளவை சாயங்காலம் எழுதிக்கலாம்."

தண்ணீர் கலந்த கான்கிரீட் காத்திருக்காது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும். திருப்பி அனுப்பினால் ஒரு லாரி வீண். நீங்கள் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம். ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியை யாரும் பார்க்க முடியாது.

என்ன ஆகிவிடும்? ஒரு கணக்குப் போடுவோம். கம்பியின் எடைக்குப் பொறியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம் ஒன்று உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் வரும். 10 மி.மீ. கம்பிக்கு 100-ஐ 162-ஆல் வகுக்க, 0.617 கிலோ. (எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதை வைத்து இந்த 162 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்.) 100 மீட்டர் நீளத்துக்கு 15 செ.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 667 கம்பிகள் வேண்டும். 20 செ.மீ. இடைவெளியில் கட்டினால் 500 போதும். குறைந்தவை 167. ஒவ்வொன்றும் 3 மீட்டர் என்றால், 300 கிலோவுக்கு மேல் எஃகு காணாமல் போயிற்று. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு சுவர்களும் ஒன்றே. ஓரிரு மழைக்காலங்களும் ஒன்றாகவே கழியலாம். பிறகு ஒருநாள் பாரவண்டி ஒன்று ஓரமாக ஒதுங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அதனால்தான், மூடப்படும் எதையும் மூடுவதற்கு முன்பே அளந்து எழுத வேண்டும் என்பது பொதுப்பணித் துறைகளின் பழைய விதி. அடித்தளத்தின் ஆழம், கம்பியின் இடைவெளி எல்லாம் இதில் அடங்கும். உதவிப் பொறியாளர் எழுதியதை மேலதிகாரி நேரில் வந்து மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்திடுவார். இது நம்பிக்கையின்மை என்று சிலர் கோபப்படுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வகத்தில் உங்கள் சோதனையை இன்னொருவர் செய்து பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும். தொலைபேசிக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதை உங்களிடமே விடுகிறேன். ஒன்று மட்டும்: லாரியை வரவழைப்பதற்கு முந்தின நாளே கம்பியைப் பார்க்க நேரம் குறித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்படி நேரம் குறிப்பதுதான் நிர்வாகம் என்பது.

இவ்வளவும் செய்து கட்டிய வடிகாலும் தோற்கும் நாள் உண்டு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அசோக் நகருக்குத் தெற்கே ஜாபர்கான்பேட்டையை ஒட்டிப் போகும் ஆறு கரைமீறியது. தெருவின் வடிகால் போய்ச் சேரும் இடத்தில் ஆற்றின் மட்டம் வடிகாலைவிட உயர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆகவே ஆற்று நீர் வடிகால் வழியே தெருவுக்குள் ஏறி வரும். எவ்வளவு அகலமாகக் கட்டியிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

ஏரியின் மதகைத் திறப்பதும் ஒரு கையெழுத்துத்தான். நிரம்பும் ஏரியைத் திறக்காவிட்டால் கரை உடையும் அபாயம். திறந்தால் கீழே உள்ள குடியிருப்புகளில் வெள்ளம். எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது கடுமையான கேள்விகள் எழுந்தன. அப்படிக் கேள்வி கேட்க முடிவதற்கே, எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு போனது என்று யாரோ ஒருவர் மழையில் நனைந்துகொண்டே பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை போன்றவற்றுக்கு உதவிப் பொறியாளர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும். அசோக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கதை 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. அளப்பதில்தான் எல்லாம் ஆரம்பம்.

நீங்கள் இப்போதே ஆரம்பிக்கலாம். உங்கள் தெருவின் நீளத்தைக் காலடியால் அளந்து, சிமெண்டுத் தரை எத்தனை பங்கு, மண்தரை எத்தனை பங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். அடுத்த சிறு மழை நின்றதும், ஓரத்தில் ஓடும் நீரில் ஒரு காகிதப் படகை விட்டு, பத்து மீட்டர் போக எத்தனை விநாடி ஆகிறது, எந்தத் திசையில் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். திறந்த குழிகளுக்கும் மின்கம்பங்களுக்கும் அருகே மட்டும் போகாதீர்கள்.