மழை நாளுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்

தெம்பனிஸில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் இரண்டாவது சைக்கிளுக்கு இடமில்லை. தாழ்வாரத்தில் நிறுத்தலாமே என்பார்கள். தீப்பாதுகாப்பு விதிப்படி அங்கு 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விடவேண்டும். எங்கள் செருப்பு அடுக்கும் அம்மாவின் துளசித் தொட்டியும் போக மிஞ்சுவதே அவ்வளவுதான்.

ஆகவே, நான் வாங்கப்போவது ஒன்றே ஒன்று. கல்லூரிக்குப் போகவும் அதுதான், சனிக்கிழமை காலையில் தோழிகளுடன் சாங்கி வரை போகவும் அதுதான். ஜனவரியிலும் ஜூலையிலும் அதுவேதான். கையில் 2,000 வெள்ளி இருந்தது. வார இறுதிகளில் ரொட்டிக் கடையில் வேலை செய்து இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம்.

விழுந்த கதை

அதற்கு முன் என்னிடம் இருந்தது, ஒருவர் பயன்படுத்திய பழைய பந்தய சைக்கிள். 23 மில்லிமீட்டர் டயர், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பிரேக். வெயில் நாளில் அதில் போவது பறப்பதுபோல் இருக்கும்.

சென்ற டிசம்பரில் ஒரு காலை, தூறல் பெருமழையானது. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக்கை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈரமான விளிம்பில் ரப்பர் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கவேண்டும், பிறகுதான் பிடிக்கும். பயத்தில் இன்னும் இறுக்கினேன். திடீரெனப் பிடித்த நொடியில் முன்சக்கரம் சாலையின் வெள்ளைக் கோட்டின்மீது இருந்தது. மழையில் அந்தச் சாயம் எவ்வளவு வழுக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மாவைப்போல் அவர் திட்டவில்லை. “மழையில உங்களையெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதும்மா. கண்ணாடி துடைப்பான் ஒருதடவ போய் வர்றதுக்குள்ள முன்னாடி இருந்த ஆளு காணாமப் போயிடுறாரு,” என்று மட்டும் சொன்னார். பழைய சைக்கிளை விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறேன் என்றபோது, தானும் கடைக்கு வருவதாகச் சொன்னார்.

அப்பா கேட்ட கேள்வி

கடையில் என் கண் முதலில் போனது ஒரு கார்பன் சைக்கிளின் மேல். பழைய மாடல் என்பதால் விலையைக் குறைத்திருந்தார்கள். சரியாக 2,000 வெள்ளி. எடை எட்டு கிலோதான். தூக்கிப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா கடைக்காரரிடம் கேட்டார்: “இதுல மட்கார்டு மாட்ட முடியுமா?” முடியாது என்றார் அவர். அதற்கான திருகுத் துளைகள் இல்லை. டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே இடைவெளியும் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி, “அப்ப மழ வந்தா கல்லூரிக்குப் போகமாட்டியா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று எதுவும் வாங்காமல் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இங்கிலாந்து போன்ற நாடுகளில் சைக்கிளோட்டிகள் பலர் குளிர்காலத்துக்கென்றே மட்கார்டு போட்ட ஒரு சைக்கிளை வைத்திருப்பார்கள். நல்ல சைக்கிள் கோடைக்காகக் காத்திருக்கும். நமக்கோ அப்படி மாற்றிக்கொள்ள ஒரு பருவமே இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ சூறைக்காற்று, அதுவும் பெரும்பாலும் நாம் புறப்படும் விடியற்காலை நேரத்தில். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாலை காய்ந்திருக்கும், பாதி வழியில் கொட்டும்.

அதனால் என் கேள்வியை மாற்றினேன். ‘எது வேகமானது?’ என்பதை விட்டுவிட்டு, ‘மோசமான நாளிலும் எதை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும்?’ என்று பார்க்கத் தொடங்கினேன்.

பார்த்து வாங்கியவை

முதலில் டயருக்கான இடம். நான் வாங்கிய சைக்கிளில் 32 மில்லிமீட்டர் டயரும் அதற்கு மேல் மட்கார்டும் பொருந்தும். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக அடிக்கலாம். ஈரச் சாலையில் பிடிப்பு கூடும், கால்வாய் மூடிகளின் மீது போகும்போது அதிர்வும் குறையும்.

இரண்டாவது, டிஸ்க் பிரேக். அதன் தட்டு சக்கரத்தின் நடுவில், சாலை நீருக்குத் தள்ளி இருக்கிறது. மழையிலும் அழுத்தியதும் பிடிக்கிறது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

மூன்றாவது, மட்கார்டு. அழகு கெட்டுவிடும் என்று நானும் நினைத்தவள்தான். ஆனால், நம்மை நனைப்பதில் பாதி, கீழிருந்து சக்கரம் வாரி அடிக்கும் அழுக்குத் தண்ணீர். மட்கார்டு இருந்தால் பின்னால் வரும் தோழியின் முகமும் தப்பும்.

நான்காவது, உட்காரும் நிலை. பழைய சைக்கிளில் குனிந்தே போகவேண்டும். புதியதில் கைப்பிடி சற்று உயரம். தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க முடிகிறது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. கழுத்தும் இடுப்பும் பேசத் தொடங்க அரைமணி நேரமாவது ஆகும். ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

எடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அலுமினியச் சட்டகம், மட்கார்டு, விளக்குகள் எல்லாம் சேர்த்து என்னுடையது 11 கிலோ. நம் நாட்டின் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே ஏறத்தாழ 164 மீட்டர்தான். மலைமலையாக ஏறவேண்டிய ஊரில் அந்த மூன்று கிலோ பெரிய கணக்கு. நமக்கு அவ்வளவு இல்லை.

விலை 1,550 வெள்ளி. மிச்சத்தில் மட்கார்டு, விளக்குகள், தலைக்கவசம், மழைக்கேற்ற சங்கிலி எண்ணெய் ஆகியவற்றை வாங்கினேன். முழுப் பணத்தையும் சைக்கிளிலேயே போட்டிருந்தால், முக்கியமான இவற்றுக்குக் கடன்தான் கேட்டிருப்பேன்.

தலைக்கவசம் விருப்பப் பொருளன்று. சாலையில் ஓட்டுவோர் அதை அணிவது 2019 பிப்ரவரி முதல் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவேண்டும். நான் மழைப் பகலிலும் எரியவிடுகிறேன்.

எந்த சைக்கிளும் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. இடி மின்னல் வந்தால் இறங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கத்தான் வேண்டும். கல்லூரிக்குத் தாமதமாகப் போனால் பரவாயில்லை.

நனைந்து வீடு திரும்பினால் பத்து நிமிட வேலை இருக்கிறது. சங்கிலியைத் துணியால் துடைத்து எண்ணெய் விடவேண்டும். நம் வெப்பத்தில் மழையைவிட வியர்வையின் உப்புதான் திருகுகளை அரிக்கிறது. கைப்பிடியையும் துடைக்க மறக்கக்கூடாது.

கார்பன் சைக்கிள் மேல் ஆசை போய்விட்டதா என்று தோழிகள் கேட்கிறார்கள். போகவில்லை. காய்ந்த சாலையில் அவர்கள் என்னை முந்தும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால், வாங்கிய இந்த ஐந்து மாதங்களில் மழையைக் காரணம் காட்டி நான் வீட்டிலேயே தங்கிய நாள்கள் இரண்டுதான்.

புது சைக்கிள் வந்த முதல் வாரம், மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா குடையுடன் கீழே வந்து கார் நிறுத்துமிடத்தின் ஒரு கோடியில் நின்றார். மறுகோடி வரை என்னை ஓட்டிப் போகச் சொன்னார். திரும்பி வந்து, “தெரிஞ்சதாப்பா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சது,” என்றார். “பின்விளக்க மட்டும் இன்னும் கொஞ்சம் மேல மாட்டு.”