டி செல்லின் வயது என்ன?

ஸ்வீடனின் யான்ஷேப்பிங் நகரில் 1989இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 85 வயதைத் தாண்டிய முதியவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைக் கவனித்தார்கள். கொல்லும் வகை டி செல்கள் உதவும் வகையைவிட மிகுந்திருந்தவர்கள், அவற்றிலும் சிடி28 என்ற புரதத்தை இழந்தவை பெருகியிருந்தவர்கள், சம வயதினரைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். நூறு வயதை எட்டியவர்களிடமோ இந்த அடையாளத் தொகுப்பு காணப்படவில்லை!

டி செல் என்பது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒன்று. கிருமியை அடையாளம் கண்டால் மட்டும் அது பெருகிவிடாது. அதன் மேற்பரப்பில் இருக்கும் சிடி28 வழியே இரண்டாவது சமிக்ஞையும் வர வேண்டும். பிறந்த குழந்தையின் டி செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சிடி28 உண்டு. திரும்பத் திரும்பப் பிரிந்து களைத்த செல் அதை உதிர்த்துவிட்டு, சிடி57 என்ற வேறோர் அடையாளத்தைப் பெறுகிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை இவற்றில் ஒட்டவைத்து, லேசர் ஒளியில் ஒவ்வொரு செல்லாக எண்ணிவிடலாம்.

களைத்த செல் சும்மா கிடப்பதில்லை என்பதுதான் கவலை. பெருகும் திறன் குன்றினாலும், கொல்லும் ஆற்றலும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அதனிடம் இருக்கின்றன. முடக்குவாத நோயாளிகளிடமும், மாரடைப்பை ஒட்டிய தீவிர நெஞ்சுவலி வந்தவர்களிடமும் சிடி28 இழந்த உதவும் வகை செல்கள் மிகுந்திருப்பதை 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவு செய்துவருகிறார்கள். எச்ஐவி தொற்றிய இளைஞர்களின் ரத்தத்திலும் முதியவர்களுடையதைப் போன்ற டி செல்களைப் பார்க்கலாம். ஆக, இந்த அடையாளங்கள் சொல்வது பிறந்த தேதியை அல்ல, உடல் நடத்திய போர்களை.

அந்தப் போர்களில் நீண்டது சைட்டோமெகலோ வைரஸோடு நடப்பது. இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரை அது தொற்றியிருக்கிறது. பலருக்கும் தெரியவே தெரியாது. ஒருமுறை புகுந்தால் வாழ்நாள் முழுக்க உடலிலேயே தங்கிவிடும். அதைக் கட்டுக்குள் வைப்பதற்கே டி செல்களில் கணிசமான பங்கு செலவாகிறது. புது டி செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பியும் பருவ வயதுக்குப் பின் சுருங்கிவிடுவதால், ஈடுசெய்வது கடினம்.

இதன் விளைவு தடுப்பூசியில் தெரிகிறது. சிடி28 இழந்த செல்கள் மிகுந்த முதியவர்களிடம் ஃப்ளூ தடுப்பூசி எடுபடுவது குறைவு. ஆனால் தூண்டலை வலுவாக்கினால் முதுமையிலும் பலன் உண்டு. எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த அக்கித் தடுப்பூசி, 70 வயதைக் கடந்தவர்களிடமும் ஏறத்தாழ 90 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது.